விபத்து இழப்பீடு: தகராறு பெரும்பாலும் வருமானத்தில்தான்

சாலை விபத்தில் ஒருவர் இறந்துபோனால், மோதிய வண்டியின் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் குடும்பத்தார் இழப்பீடு கேட்கலாம். மனுவை மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை, குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் என்ற கெடு 2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் இருக்கிறது. அதனால் வருஷத் திதி கழியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? 35 வயதுக் கொத்தனார், மாதம் 15,000 ரூபாய் சம்பாதித்தவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வைத்துக்கொள்வோம். வருங்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 21,000. அவருடைய சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. இதை எதனால் பெருக்குவது என்பதற்கு வயதுவாரியாகப் பெருக்கு எண் உண்டு, 35 வயதுக்கு 16. ஆக 30,24,000 ரூபாய். துணையை, பெற்றவரை இழந்ததற்கும் ஈமச் செலவுக்கும் தனித்தொகை உண்டு. உச்ச நீதிமன்றம் 2009, 2017 தீர்ப்புகளில் வகுத்த கணக்கு இது.

கம்பெனி வக்கீல் கை வைக்கும் இடம் அந்த 15,000தான். "சம்பளச் சீட்டு எங்கே?" என்பார். கூலி வேலைக்கு ஏது சீட்டு? வருமானத்தை 10,000 என்று எடுத்துக்கொண்டால் பத்து லட்சம் போய்விடும். அதனால் நல வாரிய அட்டை, வங்கிப் பாஸ்புக், சீட்டுக் கட்டிய நோட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வேலை கொடுத்த மேஸ்திரியைச் சாட்சி சொல்லச் சொல்லுங்கள். குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை, நம்பத் தகுந்ததாக இருந்தால் போதும்.

அடுத்த சாக்கு, ஓட்டுநருக்கு லைசென்ஸ் இல்லை என்பது. அப்போதும் பெரும்பாலும் கம்பெனி முதலில் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலிக்கட்டும் என்றே உத்தரவாகும்.

அப்புறம், மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசினால் பணம் சீக்கிரம் வரும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டபின் மேல்முறையீடு கிடையாது. மேலே சொன்ன கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் 2 லட்சம் உண்டு. வருவாய்க் கோட்ட அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பின்னால் வண்டி அகப்பட்டு இழப்பீடு கிடைத்தால், இந்த 2 லட்சம் அதில் கழிக்கப்படும்.