துல்லியக் குறைப்பா, நுணுக்கக் குறைப்பா?

லுவா போன்ற குறுநிரல் மொழியைச் சின்னச் சிப்பில் ஏற்றும்போது, நினைவகம் மிச்சமாகட்டும் என்று எண்களை 64 பிட்டிலிருந்து 32 பிட்டுக்குச் சுருக்குவார்கள். ஆங்கிலத்தில் இது பிரிசிஷன் (precision) குறைப்பு. இதைத் தமிழில் ‘துல்லியக் குறைப்பு’ என்றால், கேட்பவர் கணக்கே தப்பாகிவிடும் போல என்று பதறுகிறார்.

துல்லியம் வடமொழி ‘துல்ய’த்திலிருந்து வந்தது. சமம், ஒப்பு என்று பொருள். துலாக்கோலும் அந்தக் குடும்பம்தான். உண்மை அளவோடு ஒத்திருப்பது துல்லியம். பிரிசிஷனின் லத்தீன் வேரோ வெட்டுதல்: எத்தனை இலக்கத்தில் நறுக்குகிறோம் என்பது. மதுரை தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைத் தராசு மில்லிகிராம் காட்டும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் தராசு காட்டாது; அதற்காக அது மல்லிகையைத் தப்பாக நிறுக்கிறது என்று சொல்லலாமா? பூஜ்யம் விலகியிருந்தால் நகைக்கடைத் தராசுதான் மில்லிகிராம் சுத்தமாகப் பொய் சொல்லும். எனவே பிரிசிஷனுக்கு ‘நுணுக்கம்’ என்பதே என் கட்சி.

கணினி பின்ன எண்களை வைக்கும் முறைக்கு மிதவைப் புள்ளி (floating point) என்ற பெயரில் வம்பில்லை. எண்ணின் அளவுக்கேற்பப் புள்ளி நகர்கிறது, அவ்வளவே. கொன்ராட் சூசே 1941-இல் ஜெர்மனியில் முடித்த இசட்3 கணினியிலேயே 22 பிட்டில் அது இருந்தது. இந்த எண்களுக்கான 1985-இன் ஐஇஇஇ 754 தரப்படி ஒற்றை நுணுக்கம் 32 பிட், ஏறத்தாழ 7 இலக்கம். இரட்டை 64 பிட், 15 இலக்கத்துக்கு மேல்.

லுவா 5.1-இல் ஒவ்வொரு மதிப்போடும் அது எண்ணா சரமா (எழுத்துத் தொடரா) என்று சொல்லும் 4 பைட் முத்திரை ஒட்டிக்கொள்ளும். எண்ணுக்கு 8, முத்திரைக்கு 4, ஆக 12 பைட். எட்டின் மடங்கில் அடுக்கும் சிப்பில் அது 16 ஆகிவிடும். ஒற்றை நுணுக்கத்தில் நாலும் நாலும் எட்டு. ஆயிரம் அளவீடு வைத்தால் 8,000 பைட் மிச்சம். சில பத்து கிலோபைட்டில் குடித்தனம் நடத்தும் சிப்புக்கு இது சொத்து.

வைகை அணை நீர்மட்டத்துக்கு 7 இலக்கம் தாராளம். முழு உயரமே 71 அடிதான். சிக்கல் நேரக் கணக்கில் வருகிறது. கணினிகள் 1970 முதல் எண்ணும் வினாடி இப்போது 170 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த உயரத்தில் ஒற்றை நுணுக்க எண்கள் 128 வினாடிக்கு ஒன்றுதான் இருக்கின்றன. திருமங்கலம் பக்கத்து மல்லிகைத் தோட்டத்தில் சொட்டுநீர் மோட்டாரை 60 வினாடி ஓட்டச் சொன்னால், தொடங்கும் நேரமும் நிறுத்தும் நேரமும் ஒரே எண்ணாகிவிடலாம். லுவா 5.3-இல் முழு எண் தனி வகை. 32 பிட்டாகச் சுருக்கினாலும் வினாடியை முழு எண்ணாகவே வைத்தால் 2038 ஜனவரி வரை கவலையில்லை.