மெலடோனின்: தூக்கத்தின் பெயரா, இருளின் பெயரா?

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் ஆயா வீட்டில் விடியற்காலை மூன்று மணிக்கே டியூப்லைட் எரியும். ஆயாவுக்கு 81 வயது. ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் கண் சொக்கிவிடும். மூன்று மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்து முறத்தில் மல்லாட்டை (வேர்க்கடலை) உரிப்பார். போன மாதம் டாக்டர் சீட்டில் மெலடோனின் மாத்திரை எழுதிக்கொடுத்தார். "அப்படின்னா இன்னா?" என்று கேட்டார் ஆயா. "தூக்க ஹார்மோன்" என்று சொல்லிவிட்டேன். அது சரியான பதில் இல்லை.

கிரேக்கத்தில் 'மெலாஸ்' என்றால் கருப்பு. 1917-இல் மாட்டின் மூளைக்குள் இருக்கும் பீனியல் என்ற சிறு சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் தோல் வெளிறியது. அந்தச் சுரப்பியில் இருக்கும் அந்தப் பொருளை, அதாவது மெலடோனினை, 1958-இல் பிரித்தெடுத்தவர் ஏரன் லெர்னர். அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவர். தேடியது தோல் நோய்க்கு ஒரு வழி. கருநிறமியான மெலனினை ஒடுங்க வைப்பதால் 'மெலா', மூளையில் சேதி கடத்தும் செரோடோனின் என்ற பொருளிலிருந்து உருவாவதால் 'டோனின்'. ஆக, பெயரில் உள்ள கருப்பு தவளைத் தோலின் கருப்பு. இரவின் கருப்பு இல்லை.

செரோடோனினுக்கும் மூலம் ஒன்று உண்டு, அது நம் தட்டில் இருக்கிறது: டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தைக் கட்டும் கற்களில் ஒன்று. 1901-இல் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் ஹாப்கின்ஸ் இதைப் பால் புரதத்திலிருந்து பிரித்தார். உடம்பால் இதைத் தானே செய்துகொள்ள முடியாது. பால், முட்டை, மீன், எள், ஆயா உரிக்கிற மல்லாட்டை எல்லாவற்றிலும் இருக்கிறது. (மணிலாக்கொட்டைதான் நம் பக்கத்து வாயில் மல்லாட்டை ஆனது. சொல்லும் கப்பலேறி வரும்.) ஆனால் சாப்பிட்டதெல்லாம் மூளைக்குப் போய்விடாது. மூளைக்குள் நுழைய டிரிப்டோபனுக்கும் வேறு பல அமினோ அமிலங்களுக்கும் ஒரே வாசல். கூட்டத்தில் இதுதான் சிறுபான்மை. பாலில் போட்டிக்காரர்களும் சேர்ந்தே வருவதால், ஒரு டம்ளர் பால் குடித்ததும் மூளையில் டிரிப்டோபன் நிறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சோறு மாதிரி மாவுச்சத்து உணவு இன்சுலினைக் கூட்டும். இன்சுலின் போட்டிக்காரர்களைத் தசைக்கு அனுப்பும். அப்போது டிரிப்டோபனுக்குக் கொஞ்சம் வழி கிடைக்கும்.

வயதாகும்போது பலருக்கு இரவில் சுரக்கும் மெலடோனினின் அளவு இறங்குகிறது. கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி, பகல் வெளிச்சத்தின் நீலக் கதிர்கள் உள்ளே போவதும் குறைகிறது. பகல் எது, இரவு எது என்று மூளையின் கடிகாரத்துக்குக் கிடைக்கும் சேதி மங்கிவிடுகிறது. உள்ள கொஞ்சநஞ்சச் சுரப்பும் நடுராத்திரியில் வெளிச்சம் பட்டால் அடங்கிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஹார்மோன்' என்ற பெயரை 1905-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங். அதன் கிரேக்க வேருக்குத் தூண்டு, இயக்கு என்று பொருள். அதனால் 'இயக்குநீர்' என்ற தமிழ்ச்சொல் வேரோடு பொருந்துகிறது. உமிழ்நீர் போல 'நீர்' என்பதும் இயல்பாக நிற்கிறது. மெலடோனினைத் 'துயில் இயக்குநீர்' என்று எழுதலாமே என்று தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ராத்திரி முழுக்க ஓடியாடும் எலிக்கும் இது இருட்டில்தான் சுரக்கிறது. அதற்கு அது தூக்க நேரமா என்ன? இந்தப் பொருள் சொல்லும் சேதி 'தூங்கு' என்பது அல்ல, 'இருட்டிவிட்டது' என்பது. ஆகவே 'இருள் இயக்குநீர்' என்பதே என் தேர்வு. மருந்துச் சீட்டிலும் கடையிலும் மெலடோனின் என்றே இருக்கட்டும், மாத்திரை மாறிவிடக் கூடாது.

ஆயாவிடம் திரும்பப் போய்ச் சொன்னேன்: "அது தூங்க வைக்கிறது இல்ல ஆயா. பொழுது சாஞ்சிடுச்சுன்னு உடம்புக்குச் சொல்றது."

"தண்டோரா போடறவன் மாதிரியா?"

"ஆமாம் ஆயா."

"அப்ப எனக்கு அவன் குரல் கம்மிப்போச்சு" என்றவர், முறத்தை ஓரமாக வைத்துவிட்டு டியூப்லைட்டை அணைக்கச் சொன்னார்.