தயிர் உறையும், வெண்ணெய் திரளும்: ‘அக்ளுட்டினேஷன்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி

‘உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பாக்டீரியாக்களை உறையவைத்து அழிக்கின்றன.’ பல் நலம் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் இந்த வாக்கியத்தை ஏதாவதொரு வடிவில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதில் உள்ள வினைகள் இரண்டு. இரண்டுமே தப்பு. புரதங்கள் அங்கே எதையும் உறையவைப்பதில்லை, அவை செய்யும் அந்த வேலையால் பாக்டீரியாவும் சாவதில்லை. சிதறிக் கிடக்கும் பாக்டீரியாவோ அணுக்களோ ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாவதுதான் அக்ளுட்டினேஷன்; அதற்கு எவரோ ‘உறைதல்’ என்று போட்டுவிட்டார். அடுத்தவர் அதை யோசிக்காமல் எடுத்துக்கொண்டார்.

சொல்லின் வேர் லத்தீன். அங்கே ‘குளூட்டன்’ என்றால் பசை. பசை வைத்து ஒட்டுவதுதான் வினையின் பொருள். 1896இல் வியன்னாவில் மாக்ஸ் ஃபான் குரூபரும் ஹெர்பர்ட் டர்ஹமும், நோயெதிர்ப்புப் பெற்ற உடலின் சீரத்தை, அதாவது இரத்தத்தின் தெளிந்த நீரை, கலந்தால் பாக்டீரியாக்கள் கும்பல் கும்பலாக ஒட்டிக்கொள்வதை விவரித்தார்கள். அதே ஆண்டு பாரிஸில் ஃபெர்னான் விடால் அதை டைபாய்டு கண்டறியும் சோதனையாக்கினார். நம்மூர் ஆய்வகச் சீட்டுகளில் இன்றும் இருக்கும் ‘வைடால்’ அவர் பெயர்தான்.

உமிழ்நீரில் நடப்பதும் இதே வேலை. ஒட்டவைக்கும் மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பிடிமானம் இருக்கும். எச்சிலிலும் கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் வரும் ஐஜி-ஏ எதிர்ப்புரதம் பெரும்பாலும் இரட்டையாக இணைந்திருப்பதால் அதற்கு நான்கு பிடிகள். ஒரு பிடி ஒரு பாக்டீரியாவிலும் இன்னொன்று பக்கத்துப் பாக்டீரியாவிலும் மாட்டினால் போதும், கொத்து வளரத் தொடங்கிவிடும். ஜிபி-340 என்ற பெரிய சர்க்கரைப் புரதமும் அப்படியே. ஒரே மாதிரியான பகுதிகள் அதில் அடுத்தடுத்து வருகின்றன; பற்சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸின் மேற்பரப்புப் புரதத்தை அவை பற்றிக்கொள்ளும். நுரையீரல் திரவத்திலும் இந்தப் புரதம் உண்டு. சிறுநீரில் இந்த வேலையைச் செய்வது, 1950இல் டாம், ஹார்ஸ்ஃபால் இருவரும் பிரித்தெடுத்த யூரோமோடுலின் என்ற புரதம். ஈ. கோலி பாக்டீரியாவின் நுண்ணிழைகள் சிறுநீர்ப் பாதைச் சுவரைப் பிடிப்பதற்குள் அது அவற்றைப் பிடித்துவிடுகிறது. கொத்தாகிவிட்ட பாக்டீரியா பல்லிலோ சுவரிலோ எளிதில் ஒட்டாது; விழுங்கும்போதோ சிறுநீர் கழிக்கும்போதோ அடித்துக்கொண்டு போய்விடும். கொத்துக்குள் அது உயிரோடுதான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. இதே ஜிபி-340 பல்லின் மேல் படலமாகப் படிந்திருந்தால், பாக்டீரியா பல்லைப் பற்றிக்கொள்ள அதுவே பிடிமானமாகிவிடும். ‘அழிக்கின்றன’ என்று எழுதுகிறவர் இந்த இடத்தை எப்படி விளக்குவார்?

‘உறைதல்’ ஏன் ஆகாது என்பதற்கு வருகிறேன். தமிழில் உறைவது முழு நீர்மமும் கெட்டிப்படுவது. பால் உறைகிறது, நெய் உறைகிறது, நீர் பனியாக உறைகிறது. இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற நார் வலையாகப் பின்னி, அணுக்களும் நீர்மமுமாக எல்லாவற்றையும் சேர்த்துக் கெட்டியாக்குகிறது. அதற்கு ‘உறைதல்’ என்பது அருமையான சொல். ஆனால் தயிரைக் கடையும்போது என்ன நடக்கிறது? மோர் மோராகவே இருக்க, அதில் சிதறிக்கிடந்த கொழுப்பு மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து வருகிறது. அதை நம் பாட்டிமார் யாரும் ‘வெண்ணெய் உறைந்தது’ என்று சொன்னதில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்றுதான் பழமொழியே இருக்கிறது. இரண்டு நிகழ்வுக்கும் அடுப்படியிலேயே இரண்டு வினை வைத்திருக்கும் மொழி இது. அதில் ஒன்றை எடுத்து இரண்டுக்கும் போடுவது சோம்பல்.

சோம்பலால் நேரும் கெடுதலை இரத்த வகை பார்க்கும் இடத்தில் காணலாம். கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு இரத்தம், பக்கத்தில் ஏ வகை அணுக்களை ஒட்டவைக்கும் எதிர்ப்புரதக் கரைசலான நீல நிற ஆன்டி-ஏ ஒரு சொட்டு. குச்சியால் கலக்கித் தகட்டை மெல்லச் சாய்த்தால், ஏ வகையாக இருந்தால் சீராக இருந்த சிவப்பு உடைந்து மணல்மணலாகப் பிரிந்து நிற்கும். இதை ‘இரத்தம் உறைகிறது’ என்று எழுதிய பாடக் குறிப்புகளைப் பார்த்திருக்கிறேன். ஆய்வகத்தில் அந்த இரத்தம் பெரும்பாலும் ஈடிடிஏ போட்ட குழாயிலிருந்து வருவது. உறையக்கூடாது என்பதற்காகவே அந்த மருந்து அதில் இருக்கிறது! உறைய முடியாத இரத்தம் ‘உறைந்தது’ என்று படிக்கும் மாணவன் இரண்டையும் குழப்பிக்கொள்வான். பிழை அவனுடையதல்ல.

வெறும் ‘ஒட்டுதல்’ போதுமே என்பார் சிலர். போதாது, பாக்டீரியா பல்லில் ஒட்டுவதும் ஒட்டுதல்தான், அதைத் தடுப்பதுதானே இங்கே வேலை. ‘வீழ்படிவு’ கரைந்திருந்த பொருள் பிரிந்து படிவதற்கு உரியது. பாடநூல்களில் தென்படும் ‘திரட்சி’ நல்ல சொல். உறைதலைவிட எவ்வளவோ மேல். ஆனால் எப்படித் திரண்டது என்பதை அது சொல்வதில்லை. தானாகக் கூடுவதும் திரட்சி, நடுவில் ஒன்று நின்று ஒட்டவைப்பதும் திரட்சி என்றாகிவிடும்.

என் தேர்வு ‘ஒட்டுத்திரட்சி’. பசையும் அதில் இருக்கிறது, கொத்தும் இருக்கிறது. ஒட்டவைக்கும் பொருளான அக்ளுட்டினின் ‘ஒட்டுத்திரட்டி’, உண்டாகும் கொத்து ‘ஒட்டுத்திரள்’. திரட்டி என்றால் வலைப்பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் இணையத் திரட்டி நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். முன்னால் ‘ஒட்டு’ இருக்கும்போது அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. மொழியியலார் இதே லத்தீன் வேரை எப்போதோ சரியாகப் பிடித்துவிட்டார்கள். ‘வந்தவர்களுக்கும்’ என்பதில் போல உறுப்புகள் தம் உரு அதிகம் கெடாமல் வரிசையாக ஒட்டி நிற்கும் தமிழை ‘ஒட்டுநிலை மொழி’ என்கிறார்கள். ‘உறைநிலை மொழி’ என்று எவரும் எழுதவில்லை. அறிவியலை மொழிபெயர்க்கிறவர்கள் பக்கத்துத் துறையை எட்டிப் பார்த்திருந்தாலே போதும். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்துவிட்டு, பொருள் பொருந்துகிறதா என்று நிகழ்வை ஒருமுறைகூடப் பார்க்காமல் போவதுதான் இன்றைய மொழிபெயர்ப்பின் நோய்.

தனித்தமிழ் வேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. பாக்டீரியாவை பாக்டீரியா என்றே எழுதுகிறேன். ஒட்டுத்திரட்சி நாக்கில் வரவில்லை என்றால் ஆய்வகத்தில் சொல்வதுபோல அக்ளுட்டினேஷன் என்றே எழுதுங்கள், வாசகர் கேட்டுத் தெரிந்துகொள்வார். உறைதலை மட்டும் இரத்தக் கட்டிக்கும் தயிருக்கும் விட்டுவிடுங்கள்.