இதயம் தளர்ந்தவருக்கு ஒரு மூச்சுப் பட்டி

விலாவில் கட்டி மூச்சை அளந்து, அதிர்வால் வழிகாட்டி, மெதுவாக மூச்சுவிடப் பழக்கும் பட்டி ஒன்றை எப்படி வடிவமைப்பது? இதயச் செயலிழப்பு உள்ள ஒருவர் சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 20 தடவை மூச்சு விடுகிறார் என்று வைப்போம். ஒரு மூச்சு 400 மில்லிலீற்றர் என்றால் மொத்தம் 8 லீற்றர். அதில் மூச்சுக்கு 150 மில்லிலீற்றர் அளவு தொண்டையிலும் மூச்சுக்குழாய்களிலும் நின்று, இரத்தத்தைத் தொடாமலே திரும்பிவிடும். 20 தடவைக்கு 3 லீற்றர் வீண். பயன்படுவது 5 லீற்றர்தான்.

அதே 5 லீற்றரைப் பெற 10 மூச்சில் மொத்தம் 6.5 லீற்றர் போதும். 6 மூச்சில் 5.9. ஆனால் 10 என்றால் ஒவ்வொரு மூச்சும் 650 மில்லிலீற்றர், 6 என்றால் ஏறத்தாழ 980. நீர் கோத்து விறைத்த நுரையீரலுக்கு அது பெரும் சுமை. காற்றுச் செலவில் மிச்சமாகும் பெரும்பங்கு 10க்கு இறங்கும்போதே கிடைத்துவிடுகிறது. பிறகு ஏன் 6? இரத்த அழுத்தத்தைச் சீர்செய்யும் அனிச்சைச் செயல் ஏறத்தாழ 10 செக்கன் தாளத்தில் இயங்குகிறது. நிமிடத்துக்கு 6 மூச்சு விட்ட இதய நோயாளிகளில் அதன் உணர்திறன் கூடுவதை இத்தாலிய ஆய்வாளர் லூச்சியானோ பெர்னார்டி குழுவினர் 2002இல் காட்டினர். ஆகவே 6 இலக்குத்தான், கட்டாயமல்ல. கருவியின் வடிவமைப்பு முழுதும் இதிலிருந்தே தொடங்க வேண்டும்.

பட்டி 4 சென்ரிமீற்றர் அகலமான, இழுபடாத பருத்தித் துணி. அதன் நடுவில் 10 சென்ரிமீற்றருக்கு மட்டும் மின்கடத்தும் றப்பர் நாண். விலா 1 சென்ரிமீற்றர் விரிந்தால் அந்த முழு இழுவையும் நாணிலேயே விழுந்து, அது 10 சதவீதம் நீளும், மின்தடையும் மாறும். பட்டி முழுவதையும் இலாஸ்ரிக்கில் தைத்தால் இழுவை எங்கும் பரவி, மின் சைகை மங்கிப்போகும். நாணில் ஈயப்பற்று ஒட்டாது. துருப்பிடியா உருக்குக் கவ்வியால் நெரித்துப் பிடிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கோடையில் வியர்வை உப்பு முதலில் அரிப்பது இந்த இணைப்பைத்தான், அதனால் சிலிக்கோன் உறை அவசியம். துணி கழற்றித் தோய்க்கக்கூடியதாக இருக்கட்டும். றப்பர் இழுபட்ட பின் பழைய நிலைக்கு மெதுவாகவே திரும்பும். ஆகவே தடையின் நேர்ப் பெறுமதியை நம்பாமல் ஏற்ற இறக்கத்தை மட்டும் கணக்கிட வேண்டும். செக்கனுக்கு 25 அளவீடு தாராளம்.

கட்டும் இடம் கீழ் விலா, சாரத்தின் முடிச்சுக்கு நன்றாக மேலே. வயிற்றில் நீர் சேர்ந்தவரிடம் தொப்புள் மட்டத்துச் சைகை நம்பத்தக்கதல்ல. இரண்டு விரல் உள்ளே நுழையும் தளர்வு வேண்டும். அதிர்வு மோட்டரில் காந்தம் உண்டு. இதயத்துடிப்பைச் சீராக்கப் பொருத்தும் பேஸ்மேக்கர் பெரும்பாலும் இடது காறை எலும்பின் கீழ் இருப்பதால், மோட்டரை வலப்பக்கம், குறைந்தது 15 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள். மோட்டர் அதிரும்போது நாணின் சைகையும் குழம்பும். அந்தக் கணத்து அளவீடுகளை விட்டுவிட வேண்டும்.

முதல் 2 நிமிடம் பட்டி எதுவும் சொல்லாமல் அளக்கட்டும். பிறகு அவருடைய சொந்த வேகத்திலிருந்தே தொடங்கி, நிமிடத்துக்கு அரைச் செக்கன் வீதம் மூச்சை நீட்ட வேண்டும். 3 செக்கனிலிருந்து 10 செக்கனுக்கு 14 நிமிடம் ஆகும். உள்ளிழுக்க ஓர் அதிர்வு, வெளிவிட இரண்டு. முடிவில் 4 செக்கன் உள்ளே, 6 செக்கன் வெளியே. ஐந்தில் மூன்று மூச்சு தவறினால் முந்தைய படிக்கே திரும்பி, அன்றைக்கு அங்கேயே நிற்கட்டும்.

எடுத்த எடுப்பில் 6 கேட்கும் கருவி ஆபத்தானது. நோயாளி வலிந்து ஆழமாக இழுப்பார், கரியமிலவாயு குறையும், தலை சுற்றும், விரல் விறைக்கும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு: அசைவின் வீச்சை, நிமிடத்துக்கான மூச்சு எண்ணிக்கையால் பெருக்கிக் கணக்கிடுங்கள். மெதுவான மூச்சில் அந்தத் தொகை குறைய வேண்டும்; கூடினால் கருவி ஒரு படி பின்வாங்க வேண்டும்.

முதல் 2 நிமிடத்தில் மூச்சு படிப்படியாகப் பெருத்து, சிறுத்து, 10 செக்கனுக்கு மேல் நின்று மீண்டும் எழுந்தால் அது செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சாக இருக்கலாம். அன்று பயிற்சி வேண்டாம். பதிவைக் கிளினிக்கில் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நேரமும் முக்கியம். மதியச் சோற்றுக்குப் பின் 2 மணித்தியாலம் விடுங்கள். ஃபுரோசமைட் குளிசை ஒரு மணித்தியாலத்துக்குள் சலத்தைத் தள்ளத் தொடங்கும், அந்த வேளையில் கதிரையில் 20 நிமிடம் அமைதியாக இருக்க முடியாது. 3 நாளில் 2 கிலோ எடை ஏறினாலோ கால் வீக்கம் கூடினாலோ பயிற்சியை நிறுத்தி வைத்தியரைப் பார்க்க வேண்டும். படுக்க முடியாமல் மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், நுரைச்சளி வந்தால் பட்டியைக் கழற்றிவிட்டு உடனே 1990 என்ற இலக்கத்தில் சுவசரிய அம்புலன்ஸை அழையுங்கள்.