பழைய பஸ்ஸைச் சுரண்டுகிறவர்கள் கவனத்துக்கு

மும்பையில் 1937-இல் ஓட ஆரம்பித்த டபுள் டெக்கர்களில், டீசலில் ஓடிய பழைய வண்டிகள் 2023 செப்டம்பரோடு நின்றுபோயின. பழைய பஸ் என்றால் இங்கே பலருக்குத் தனிப் பாசம். சயான், மாட்டுங்கா பக்கம் நம் ஆட்களிலும், லீவு நாளில் யாருடைய ஷெட்டிலோ நிற்கும் துருப்பிடித்த வண்டியைக் காசு வாங்காமல் சரிசெய்யப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், போங்கள். தொழிலாளர் உடல்நலம் பார்க்கும் டாக்டராக எனக்குக் கவலை தூசியைப் பற்றித்தான். ஜாக் நழுவினால் ஆபத்து என்று தெரிந்து ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கீழே நுழைகிறவர்கள்கூடத் தூசிக்குப் பயப்படுவதில்லை.

பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி படிந்திருக்குமே, லைனிங் தேய்ந்து தேய்ந்து உதிர்ந்தது, அதை ஏர் கன்னால் 'புஸ்'ஸென்று ஊதித் தள்ளுவது பழைய பழக்கம். அந்தக் கால லைனிங், கிளட்ச், கேஸ்கெட் என்று பலவற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதன் நார் கண்ணுக்குத் தெரியாது, மூக்கில் உறுத்தாது, பேசாமல் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வரும் புற்றுநோய் தலைகாட்ட 20 வருஷம் ஆகலாம், 40 வருஷமும் ஆகலாம். போன மாதம் ஊதிவிட்டு இந்த மாதம் வந்து "ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?" என்று கேட்டால் நான் என்ன சொல்ல, படம் சுத்தமாகத்தான் வரும். ஆகவே ஊதாதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் சேர்த்து பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். புது லைனிங் வாங்கும்போதும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நம் நாட்டில் அதற்கு இன்னும் முழுத் தடை கிடையாது.

அப்புறம் பெயின்ட். பழைய பிரைமரிலும் சிவப்பு, மஞ்சள் பூச்சுகளிலும் ஈயம் தாராளம். வயிற்று வலி, மலச்சிக்கல், தொட்டதற்கெல்லாம் கோபம் என்று வந்த ஒருவர் அதுவரை கேஸ் மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டபிறகுதான், கிரைண்டர் வைத்து பஸ் பாடியை உரிக்கும் கதையே வெளியே வந்தது. ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கம். கிரைண்டரும் வேண்டாம், ப்ளோ டார்ச்சால் சுடுவதும் வேண்டாம். வாட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) நனைத்துத் தேயுங்கள், நேரமாகும், ஆகட்டும். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எல்லாம் இதற்கு உதவாது, நுண்ணிய தூசியையும் வடிகட்டும் பி100 ஃபில்டர் மாட்டிய ரப்பர் மாஸ்க்தான் சரி. தாடி இருந்தால் அதுவும் முகத்தில் ஒட்டி நிற்காது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது, அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கும்போதுதான். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளிகளின் துணியைத் துவைத்தே நோய் வாங்கிய மனைவிமார் உண்டு. ஷெட்டிலேயே உடை மாற்றுங்கள், கையைக் கழுவாமல் வடாபாவைத் தொடாதீர்கள், பிள்ளைகளைச் சுரண்டும் வேலைக்குக் கூட்டிப் போகாதீர்கள்.

ஏற்கெனவே உரித்து முடித்தவர்கள் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும் பரிசோதனையைக் கேட்டு எடுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.