ஃபெரிட்டின் 640, ஹீமோகுளோபின் 8.4: இரும்பு எங்கே போய்ப் பதுங்குகிறது?

மன்னார்குடி வாசகி ஒருவர் அம்மாவின் ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்டிருந்தார். மார்பகப் புற்றுநோய், தஞ்சாவூரில் கீமோ நடக்கிறது. ஹீமோகுளோபின் 8.4; உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 640. "உடம்பில் இவ்வளவு இரும்பு இருந்தும் ரத்தம் ஏன் ஏறவில்லை? டாக்டர் இரும்பு மாத்திரையும் வேண்டாம் என்கிறாரே?"

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் கீமோ, ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையும் விடுவதில்லை. வெள்ளையணு சட்டென்று சரியும்; சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் ஹீமோகுளோபின் மெல்ல இறங்கும். இதெல்லாம் தெரிந்த கதை.

தெரியாத கதை ஹெப்சிடின். புதிய சிவப்பணு செய்ய மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். சாப்பாட்டிலிருந்து குடல் எடுத்துக்கொள்வதோ 1, 2 மில்லிகிராம்தான். மீதியெல்லாம் பழைய இரும்பு. வயதான சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கி, அதிலுள்ள இரும்பை ஃபெரோபோர்ட்டின் என்ற புரதத்தின் வழியே ரத்தத்தில் விடுகின்றன. வெளியேற வேறு வழி கிடையாது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் அந்தப் புரதத்தில் போய் ஒட்டும். ஒட்டியதும் செல் ஃபெரோபோர்ட்டினை உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும்; இரும்பு வெளியேறும் வாசல் மூடிவிடும். வெறும் 25 அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கு செய்யும் வேலை இது!

மேட்டூரில் 120 அடி தண்ணீர் நின்றாலும் மதகைத் திறக்காவிட்டால் வேதாரண்யத்துக் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். ஃபெரிட்டின் காட்டுவது அணையின் மட்டம். அழற்சி இருந்தால் அந்த மட்டமே கூடுதலாகத் தெரியும் என்பது வேறு விஷயம்.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது? கிருமிகள் வளர இரும்பு வேண்டும். தொற்று வந்தால் அதை ஒளித்து வைப்பது நல்ல உத்தி. புற்றுநோயிலும் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் கூடுவதால், கிருமியே இல்லாதபோதும் கல்லீரல் ஹெப்சிடினைச் சுரந்து தள்ளுகிறது. குடல் செல்லிலும் அதே ஃபெரோபோர்ட்டின்தான். மாத்திரையின் இரும்பு குடல் செல்லுக்குள்ளேயே தங்கி, சில நாளில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடுகிறது.

ஹெப்சிடினைக் கண்டெடுத்தவர்கள் ரத்தசோகையைத் தேடிப் போகவில்லை. சிலர் கிருமிக்கொல்லிப் புரதங்களைத் தேடினார்கள். 2001-இல் ஒரு பிரெஞ்சுக் குழு, குளுக்கோஸ் தொடர்பான மரபணு ஒன்றை எலிகளில் நீக்கிப் பார்த்தபோது எலிகளின் உடம்பில் இரும்பு குவிந்தது; துழாவினால், குடலின் வாசலை மூடும் ஹெப்சிடினைக் காணோம். "இதனால் என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்துகிறவர்கள் இந்த எலிகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

பீட்ரூட் ஜூஸ் பற்றியும் கேட்டிருந்தார். அந்தச் சிவப்பு பீட்டாலெயின் என்ற நிறமி. ரத்தத்துக்கும் அதற்கும் உறவில்லை. முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் அதுவும் அதே குடலைத்தான் தாண்டியாக வேண்டும். வாய்க்குப் பிடித்தால் கொடுங்கள், மருந்தென்று நினைத்து வற்புறுத்தாதீர்கள்.

ரிப்போர்ட்டில் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் என்ற வரியைத் தேடுங்கள். ரத்தத்தில் ஓடுகிற இரும்பின் கணக்கு அது. ஃபெரிட்டின் உயர்ந்திருந்தும் இது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், இரும்பு இருந்தும் மஜ்ஜைக்கு எட்டவில்லை என்று சந்தேகிக்கலாம். சிலருக்கு நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை டாக்டர் யோசிப்பார். பி12, ஃபோலேட் குறைவு, ரத்தக்கசிவு இருக்கிறதா என்றும் பார்ப்பார். ஹீமோகுளோபின் 7, 8-க்கு இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தம் ஏற்றுவார்கள். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியும் உண்டு. ஆனால் ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும் என்பதால், நோயை முழுதாகக் குணப்படுத்தும் நோக்கில் கீமோ தரும்போது பொதுவாக அதைத் தவிர்க்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கு எந்த நோக்கில் சிகிச்சை நடக்கிறது என்பதை அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.