லைட் வைத்து அடைப்பதெல்லாம் ஒரே சிமெண்ட் இல்லை

“போன வருஷம் லைட் வச்சு அடைச்சதுங்க, விழுந்துடுச்சு.” பல் மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. என்ன வைத்து அடைத்தார்கள் என்று கேட்டால், ‘வெள்ளை சிமெண்ட்’ என்பார்கள். நீல லைட் காட்டி இறுக வைப்பவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று காம்போசிட், அதாவது ரெசின் என்னும் பிளாஸ்டிக் போன்ற பொருளில் நுண்ணிய கண்ணாடித் தூள் சேர்த்தது. மற்றொன்று ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர். இரண்டும் பல் நிறம்தான். குணம் வேறு, வைக்க வேண்டிய இடமும் வேறு.

கிளாஸ் அயனோமரை லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் 1972-இல் பல் மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஃபுளோரைடு உள்ள கண்ணாடித் தூள், பாலிஅக்ரிலிக் அமிலம், தண்ணீர், அவ்வளவுதான். தனியாகப் பசை எதுவும் தடவாமலே பல்லில் உள்ள கால்சியத்தோடு பிணைந்துகொள்ளும். ஆனால் இறுகி முடிப்பதற்குள் எச்சில் பட்டாலும் கெடும், காய்ந்தாலும் வெடிக்கும். 1980களின் இறுதியில் இதோடு ஹெமா என்ற ரெசினைச் சேர்த்து, லைட் பட்டதும் இறுகும்படி செய்தார்கள். இதில் முன்னோடிகளில் ஒருவர் கொல்கத்தாவில் படித்து அமெரிக்கா போன வேதியியலாளர் சுமிதா மித்ரா. லைட் காட்டிய சில விநாடிகளில் அடைப்பு நின்றுவிடும். அமிலமும் கண்ணாடியும் அதற்கப்புறமும் உள்ளே மெல்ல வேலை செய்துகொண்டிருக்கும்.

இது அருமையாகப் பொருந்தும் இடம் பல்லின் கழுத்து. கெட்டியான பிரஷ்ஷால் குறுக்கே அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும், பல்பொடி, கரி, உப்பு என்று விரலால் பலமாகத் தேய்ப்பவர்களுக்கும் ஈறு ஓரத்தில் ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழுந்திருக்கும். அங்கே குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுருக்கென்று கூசும். அந்தப் பள்ளத்தின் கீழ் விளிம்பில் பெரும்பாலும் எனாமல் கிடையாது. காம்போசிட்டின் பசை பிடிக்கத் தடுமாறும் இடம் அதுதான். ரெசின் கலந்த கிளாஸ் அயனோமர் இந்த இடத்தில் வருடக்கணக்கில் நன்றாகவே ஒட்டி நிற்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பிரஷ்ஷை மாற்றாமல் அடைப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் எந்தச் சிமெண்டும் பாவம்தான்.

விழுவதற்குப் பொருளை விட, வைத்த விதம்தான் அநேகமாகக் காரணம். பாலிஅக்ரிலிக் அமிலத்தைத் தடவி, கழுவி, லேசாக ஈரப் பளபளப்பு இருக்கும்போதே வைக்க வேண்டும். தூள் பாட்டிலைக் குலுக்கி, கரண்டியில் வழித்து அளக்க வேண்டும். திரவ பாட்டிலைச் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால் சொட்டில் காற்றுக்குமிழி சேர்ந்து அளவு தப்பும். தூளைக் குறைத்துத் தண்ணியாகக் கலந்தால் வழவழவென்று சுலபமாக உள்ளே போகும், பலம் போய்விடும். கலந்த கலவையில் மினுமினுப்பு போய்விட்டால் அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான். பள்ளம் ஆழமாக இருந்தால், சுமார் 2 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றுக்கும் லைட் காட்ட வேண்டும். இதில் எதுவும் பெரிய வித்தை இல்லை. அவசரத்தில்தான் விட்டுப்போகும்.

கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் பெரிய சொத்தையா? அங்கே இது தேய்ந்துபோகும். முன்பல்லில் சிரிக்கும்போது தெரியும் இடமா? நாள்பட நிறம் மாறலாம். அங்கெல்லாம் காம்போசிட்தான் என் தேர்வு.

இந்த அடைப்பிலிருந்து கசியும் ஃபுளோரைடு பற்றி ஒரு வார்த்தை. வைத்த முதல் சில நாட்களில்தான் நிறைய வெளிவரும், பிறகு வெகுவாகக் குறையும். ஃபுளோரைடு பேஸ்ட்டில் துலக்கும்போது கொஞ்சம் திரும்ப ஏற்றிக்கொள்ளும். இதை வைத்து ‘இனி இந்தப் பல்லில் சொத்தையே வராது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்து எச்சில் வறண்டவர்களின் கதை தனி. வேர் ஓரமெல்லாம் வரிசையாகச் சொத்தை விழும். கிளாஸ் அயனோமர் வகை அடைப்புகள் இவர்களுக்குப் பெரிதும் உதவும். அதோடு தினமும் ஃபுளோரைடு ஜெல்லும் வேண்டியிருக்கும். அந்த ஜெல் அமிலத்தன்மை உள்ளதாக இருந்தால் அடைப்பையே அரித்துவிடும். நடுநிலையான சோடியம் ஃபுளோரைடு ஜெல்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக ஹெமா. அது ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. இறுகாத நிலையில் கையுறையையும் ஊடுருவும். கிளினிக்கில் கலவை கலக்கும் உதவியாளர்கள் கையுறையில் பட்டதும் கழற்றிக் கை கழுவி, புதிது மாட்டிக்கொள்ள வேண்டும். பல ஜெல் நெயில் பாலிஷ்களிலும் இதே ஹெமா உண்டு. நகம் போட்டு விரலில் அரிப்பும் தடிப்பும் வந்தவர்கள், நாற்காலியில் உட்காரும் முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வேறு பொருளைப் பார்த்துக்கொள்ளலாம்.